வெண்ணெய் நிறக் காரும் வீட்டு மாப்பிள்ளையும்

எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவரின் வீட்டில் இரண்டு பேச்சு கிடையாது. சொன்னால் சொன்னதுதான். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படி. ஊரிலுள்ள கோணல் தராசுகளையெல்லாம் நிமிர்த்திய மனிதர் தன் முதுகையும் நிமிர்த்தியே வைத்திருந்தார். சாப்பிடும்போதும் அப்படித்தான், கொட்டாவி விடும்போதும் அப்படித்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வுபெற்ற மறுமாதம் கூரையை மடக்கித் திறக்கிற ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வெண்ணெய் நிறம். உருண்டை உருண்டையாக இரண்டு விளக்குகள், வெள்ளை வளையம் போட்ட டயர்கள், பளபளவென்று மின்னும் பம்பர். பார்த்தால் தாத்தா காலத்துக் கார் மாதிரி இருக்கும். உண்மையில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அதுதான் சங்கடம். கிழட்டுக் கார் என்றால் நடுவழியில் படுத்துக்கொண்டாலும் நாலு பேர் பாவம் என்பார்கள். இதற்கோ முகம் மட்டும்தான் பழசு. வியாதிகள் எல்லாம் புதுசு.

கூரைக்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் துணிக்கூரை பாதி தூரம் எழுந்து, யாருக்கோ வணக்கம் வைப்பதுபோல அந்தரத்தில் நின்றுவிடும். இடதுபக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அதனால் ஆய்வாளர் எங்கே போவதானாலும் வலதுபக்கமாகவே திரும்பித் திரும்பிப் போய்ச் சேருவார். நூலகம் பின்தெருவில்தான் இருக்கிறது. அவர் ஊரையே ஒரு வலம் வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

"சார், இந்தக் காரை வரைஞ்சவன் பெரிய ஓவியன். வயர் இழுத்தவன் அவனுக்குப் பரம எதிரி. வித்துடுங்க சார்" என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார்.

"அழகா இருக்கறவங்களுக்கு அப்பப்ப கொஞ்சம் உடம்புக்கு முடியாமப் போகும்பா. அதுக்காக வீட்டை விட்டு அனுப்பிடுவாங்களா?" என்றார் ஆய்வாளர்.

காரைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் கண்டிப்பு. எது நடந்தாலும் தெருவில் வைத்து பானெட்டைத் திறக்கக் கூடாது. வீட்டு விவகாரத்தைத் தெருவில் பேசுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்பது அவர் கட்சி.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய தங்கையின் கணவர், பல் டாக்டர். அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு தும்மல்கூடப் போடாத கார். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ஒருநாள் தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது டாக்டர் ஆரம்பித்தார். "மச்சான், உங்க வெண்ணெய்க்கட்டி வர்ற வழியில உருகலையே?"

"வாசல்ல நிக்குது பாருங்க மாப்ள."

"நிக்கும் நிக்கும். நிக்கறதுல அதை அடிச்சுக்க ஆளே கிடையாது."

சாப்பிட வந்திருந்த மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். ஆய்வாளருக்குக் காது சிவந்தது. கையிலிருந்த தம்ளரை மேசைமேல் வைத்தார்.

"வர்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஏறி வாங்க மாப்ள. ஏரிக்கரை வரைக்கும் போவோம். சிக்னலைத் தவிர வேற எங்கயாவது அந்தச் சக்கரம் சுத்தறது நின்னுச்சுன்னா, மறுநாள் காலைல அந்தக் கார் என் வாசல்ல இருக்காது. இது என் வார்த்தை."

"நடுவுல மாடு வந்தா?"

"மாட்டுக்கு நிக்கறது கணக்கில்ல."

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீல் வெச்சுக்கங்க" என்றாள் தங்கை.

வீட்டுக்கு வந்ததும் ஆய்வாளரின் மனைவி, "வாயைக் கொடுத்துட்டு வந்திருக்கீங்களே, அது தாங்குமா?" என்று கேட்டாள். ஆய்வாளர் போய் காரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். வார்த்தை தவறுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கார் நின்றால் போய்விடும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. ஆய்வாளர் ஓட்ட, பக்கத்தில் டாக்டர் நீதிபதி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்சீட்டு என்பது இரண்டு கைப்பை வைக்கிற அளவுதான். அதில் மனைவியும் தங்கையும் முழங்காலை முகவாயில் முட்டுக்கொடுத்து ஒடுங்கினார்கள். கூரை திறந்திருந்தது. சாவியைத் திருகியதும் கார் இருமியது, கனைத்தது, கிளம்பியது.

முதல் சிக்னலில் ஒரு பள்ளிப் பேருந்து பக்கத்தில் வந்து நின்றது. ஏதோ பந்தயத்துக்குப் போகிற பிள்ளைகள். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. "ஐ! பொம்மைக் காரு!" என்று ஒரு குரல் கேட்டது. அத்தனை பேரும் டாக்டரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

டாக்டர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்சீட்டுப் பெண்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

"என்னைப் பார்த்தா மச்சான் சிரிக்கறாங்க?"

"காரைப் பார்த்து. நீங்க உள்ள இருக்கீங்க, அவ்வளவுதான்."

அடுத்த சிக்னலில் ஸ்கூட்டரில் வந்த ஒரு அம்மாள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். பழக்கடைக்காரர் சிரித்தார். போக்குவரத்துக் காவலர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். டாக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு ஒரு கையை மெல்லக் கதவின்மேல் வைத்தார். பிறகு அந்தக் கை தானாக அசைய ஆரம்பித்தது.

"அந்தக் காவலருக்கு மேல்வரிசையில ஒரு பல் ஆடுது. ஆனா என்ன சிரிப்பு மச்சான்! முப்பது வருஷமா என் முன்னாடி ஊரே வாயைத் திறக்குது. ஒருத்தர் சிரிச்சதில்ல. கடைத்தெருவுல என்னைப் பார்த்தா வாயைப் பொத்திக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிடறாங்க."

"என்னங்க இது, இதுவரைக்கும் சொன்னதே இல்ல" என்றாள் தங்கை பின்னாலிருந்து.

"நீ கேட்டியா?"

அதற்குமேல் டாக்டர் ஒவ்வொரு சிக்னலும் பச்சையாக இருந்தால் வருத்தப்பட்டார்.

மேம்பாலத்தில் ஏறும்போது கார் முனகியது. ஆய்வாளர் மனசுக்குள் அதைத் தட்டிக்கொடுத்தார். உச்சிக்கு வந்து இறங்க ஆரம்பித்தபோது, முன்னால் இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. எஞ்சின் சத்தம் நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"மச்சான், ரொம்ப அமைதியா ஓடுதே" என்றார் டாக்டர்.

"செத்துடுச்சு மாப்ள" என்றார் ஆய்வாளர். அவர் பொய் சொல்ல மாட்டார்.

சரிவில் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பாலம் முடிந்து சமதளம் வந்தது. வேகம் குறைந்துகொண்டே போனது. நடந்து போன ஒரு பெரியவர் காரை முந்திக்கொண்டு போனார். ஆய்வாளர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். இன்னும் பத்தடி போனால் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போது பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் டாக்டரைக் காணோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிக்கல மச்சான்! நின்னுடல! நேரா பிடிங்க!"

பல் டாக்டர், இஸ்திரி போட்ட சட்டையோடு, காரின் பின்புறத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னங்க! வீட்ல தண்ணி கேன் தூக்கச் சொன்னா இடுப்பு வலிம்பீங்களே!" என்று தங்கை கத்தினாள்.

"பேசாம இரு! முடிஞ்சா இறங்கி எடையைக் குறை!"

"இறங்கணும்னா நிறுத்தணுமே!"

"நிறுத்தக் கூடாது!"

நடைப்பயிற்சிக்கு வந்த மூன்று பேர் சிரித்துக்கொண்டே வந்து கைகொடுத்தார்கள். கார் கொஞ்சம் வேகமெடுத்தது. டாக்டர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார், அவர்கள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ ஒருவர் கைதட்டினார்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஆய்வாளருக்கு வேர்த்துக் கொட்டியது. சக்கரம் சுற்றுகிறது, வார்த்தை பிழைக்கிறது, கார் வாசலிலேயே இருக்கும். ஏரிக்கரை அதோ தெரிகிறது. எல்லாம் சரிதான். ஆனால் தள்ளுகிறவர் யார்? தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. நம் வீட்டுப் படியேறினால் உட்கார நாற்காலி துடைத்துப் போட வேண்டிய மாப்பிள்ளை. அவர் நடுத்தெருவில் மூச்சுவாங்கத் தள்ள, மச்சான் காலை நீட்டி உட்கார்ந்து போவதா? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? அப்பா இருந்திருந்தால் சாட்டையை எடுத்திருப்பார்.

"மாப்ள, ஏறுங்க!"

"மாட்டேன்!"

"நான் சொல்றேன், ஏறுங்க!"

"கார் போயிடும் மச்சான்! உங்களுக்குப் புரியல!"

ஆய்வாளருக்கு நன்றாகவே புரிந்தது. அவர் ஒரு கணம் அந்தப் பளபளப்பான முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பிரேக்கை மிதித்தார்.

கார் நின்றது. தள்ளியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். டாக்டர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் கடைவாய்ப் பல்லை மயக்க ஊசி போடாமல் பிடுங்கின மாதிரி இருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க மச்சான்! மாடு வந்துச்சுன்னு வெச்சுக்கலாம். நான் பார்த்தேன். பெரிய மாடு."

"மாடு வரல மாப்ள. சக்கரம் நின்னுடுச்சு. நானே நிறுத்தினேன். நாளைக்குக் காலைல இது என் வாசல்ல இருக்காது." சொல்லிவிட்டு ஒருமுறை இருமினார்.

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அப்ப என் வாசல்ல இருக்கட்டும்" என்றார். "என் வெள்ளைக் காரை நீங்க எடுத்துக்கங்க. காருக்குக் கார்."

"அது ஒழுங்கா ஓடற கார் மாப்ள. இதுக்கு அதைக் கொடுக்கறது உங்களுக்கு நஷ்டம்."

"உங்க தங்கச்சியைக் கொடுக்கறப்ப இதெல்லாம் சொன்னீங்களா?"

பின்சீட்டிலிருந்து ஒரு கைப்பை பறந்து வந்து டாக்டரின் தோளில் விழுந்தது. ஆய்வாளரின் மனைவி அன்றுதான் முதல்முறையாக அந்தக் காருக்குள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் ஆய்வாளர் வெள்ளைக் காரின் சாவியைத் திருகினார். உடனே கிளம்பியது. இடதுபக்கம் திரும்பினார். ஹாரன் அடிக்கவில்லை. நூலகத்துக்கு இரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். வழியில் ஒரு ஈ காக்கைகூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூலகம் இன்னும் திறந்திருக்கவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால், எந்தக் குறையும் இல்லாத ஒரு காருக்குள், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது.

"மச்சான், நின்னுடுச்சு!" டாக்டரின் குரலில் குழந்தை பிறந்த சந்தோஷம்.

"எங்க மாப்ள?"

"மார்க்கெட் வாசல்ல. சரியான கூட்டம். பூக்காரம்மா, மூட்டை தூக்கறவங்க எல்லாம் சுத்தி நின்னு சிரிக்கறாங்க. ரெண்டு பேருக்குப் பல்லுகூடப் பார்த்துட்டேன். சீக்கிரம் வாங்க."

வெள்ளைக் கார் அவரைச் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை ஓரமாக எங்கேயோ விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கூரை பாதியில் எழுந்து ஊருக்கே வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் கையசைத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"யாரு காருங்க இது?" என்று மூட்டைக்காரர் ஒருவர் கேட்டார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளையோடது" என்றார் ஆய்வாளர், மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி.

டாக்டர் அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "மச்சான், மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோள்மேலிருந்து காரைப் பார்த்துக் கையாட்டியது. அவரும் விறைப்பாக, ஒரே ஒரு தடவை, கையாட்டினார்.

"என்ன அவசரம் மாப்ள? கொஞ்ச நேரம் போகட்டும்."