பால் பொங்கிய அடுப்பு

அடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்த அன்றைக்கு மருமகள் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா யாரு தொட்டது?" என்பதுதான்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன எந்த லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன் வாட்ச்மேனிடம் இதைத்தான் கேட்பாள். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே மாட்டிக்கொள்ளும். பழக்க தோஷம், வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அதே மிடுக்கான குரலில் கேட்டுவிட்டாள்.

அத்தை தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "நான்தாம்மா. பால் வச்சிருந்தேன். கொஞ்சம் அசந்துட்டேன், பொங்கிடுச்சு."

அதோடு சரி. அன்றிலிருந்து அத்தை அடுப்புப் பக்கமே போகவில்லை. கல்லூரி விடுதிச் சமையலறையைக் காலமெல்லாம் கட்டி ஆண்ட மனுஷி, ஒரு வாய் டீக்குக்கூட மகனோ மருமகளோ வீடு திரும்பும்வரை காத்துக் கிடந்தார். கேட்டால், "நான் தொட்டா இன்னும் எதையாவது கெடுத்து வைப்பேன்" என்பார். வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருவரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விஷயம் மூத்த மகன் காதுக்குப் போனது. அவர் போனிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "பாலைப் பொங்கவிட்டுட்டு நிக்கிற வயசாம்மா இது? இங்க வந்துடுங்க. ஒரு வேலை கிடையாது. சும்மா உட்காருங்க, போதும்."

இன்று மதியம் அவர் காரோடு வருகிறார். அத்தையின் பெட்டி காலையிலேயே வாசல் கதவோரம் வந்து நின்றுவிட்டது. இளைய மகனுக்கு, அதாவது மருமகளின் கணவனுக்கு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. செருப்பை மாட்டிக்கொண்டே அவன் மனைவியிடம், "நான் சொன்னா கேக்க மாட்டாங்க. எப்படியாவது சரி பண்ணிடேன்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

அடுப்பையா அம்மாவையா என்று அவன் சொல்லவில்லை. மருமகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான். அத்தை இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கிரீஸ் படிந்த கையோடு அவள் வீட்டுக்குள் நுழையும்போது, எந்த லிஃப்ட், எத்தனையாவது மாடி, உள்ளே மாட்டியவன் என்ன கத்தினான் என்று ஒன்று விடாமல் கேட்க அத்தையை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"அத்தை, இங்க வந்து உட்காருங்க. உங்க கண்ணு முன்னாலதான் இதைப் பிரிக்கப் போறேன்," என்று சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"எதுக்கும்மா வீண் வேலை?"

"வீண் வேலையா? முப்பது மாடி லிஃப்டை ஓட வைக்கிறவளுக்கு இந்த இடுப்பளவு அடுப்பு எம்மாத்திரம்!"

வாய்ச்சவடால் என்று நினைத்துவிட வேண்டாம், கை சுத்தமான வேலைக்காரி. மெயினை இறக்கினாள். டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் அடங்கட்டும் என்று சற்று நேரம் சும்மா நின்றாள். பிறகுதான் அடுப்பைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தாள். பழைய இண்டக்‌ஷன் அடுப்பு. மேலே நாலு வட்டம் போட்ட கண்ணாடி, நடுவில் ஓவன், அடியில் தட்டுமுட்டுச் சாமான் போட ஓர் இழுப்பறை. இந்த வீட்டை வாங்கும்போது கூடவே வந்தது.

அதன் நோய் இதுதான். போட்டால் ஒழுங்காகச் சூடேறும். உலை கொதிக்கப்போகும் நேரம் பார்த்து மூன்று முறை கீச்சென்று கத்தி, திரையில் ஓர் எழுத்தையும் எண்ணையும் காட்டிவிட்டு அணைந்துபோகும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி எரியும். உள்ளே சூடு தாங்கவில்லை என்பதற்கான குறி அது.

கண்ணாடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். கீழே செம்புக் கம்பிச் சுருள்கள் வரிசையாக இருந்தன. டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். எங்கும் பால் கறை இல்லை.

"பாருங்க அத்தை. ஒரு சொட்டு இறங்கல. கண்ணாடி ஓரத்துல ரப்பர் சும்மா கிண்ணுனு இருக்கு."

அத்தை எட்டிப் பார்த்தார். "எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காகச் சொல்ல இதென்ன சாம்பார்ல உப்பா? கண்ணு இருக்கு இல்ல, பாருங்க!"

அடுத்தது விசிறி. உள்ளே இருக்கும் மின்பலகை சூடேறாமல் காற்றடிப்பது அதன் வேலை. இறகில் தூசி அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். விரலால் தட்டினால் தடையில்லாமல் சுற்றியது. எல்லாவற்றையும் பூட்டி, மெயினைப் போட்டு, பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. அடுப்பு வாயைத் திறக்கவில்லை.

"முடிஞ்சுது கதை! வெறும் தூசி!" என்று கையைத் தட்டினாள். அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் கண் வாசலில் இருந்த பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பியதை மருமகள் கவனித்தாள். பெரிய ஆளாட்டம் அடுப்பைச் சுவரோடு தள்ளி வைத்து, இன்னொரு பாத்திரம் தண்ணீரையும் ஏற்றினாள்.

மூத்தவர் உள்ளே வருவதற்கும் அடுப்பு கீச், கீச், கீச் என்று கத்தி அணைவதற்கும் சரியாக இருந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றார் அவர், செருப்பைக்கூடக் கழற்றாமல். நல்ல மனுஷர்தான். எதையும் கேட்டு முடிப்பதற்குள் முடிவெடுத்துவிடுவார், அவ்வளவுதான். "பால் உள்ள போனா போனதுதான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. அம்மா, கிளம்பலாமா?"

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்த விதத்தை மருமகள் பார்த்தாள். ஒரே நிமிஷத்தில் பத்து வயது கூடிய மாதிரி இருந்தது.

"யாரும் எங்கயும் போகல," என்றாள். "அத்தான், இப்படி வாங்க. நான் சொல்றப்ப இந்த பட்டனை அழுத்துங்க. முன்னால இழுத்தா ஓடுது, சுவரோட ஒட்டினா நிக்குது. அப்போ கோளாறு அடுப்புல இல்ல. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவுல என்னமோ இருக்கு."

லிஃப்ட் வேலையில் படுத்துப் பார்த்த பழக்கம் அவளுக்கு நிறைய. அடியிலிருந்த இழுப்பறையை அப்படியே உருவி ஓரமாக வைத்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, தலையை அந்தப் பொந்துக்குள் விட்டாள். டார்ச் வெளிச்சம் பின்பக்கத்துக் காற்று ஜன்னலில் விழுந்தது. விசிறிக்குப் போகும் காற்றை அடுப்பு அங்கிருந்துதான் இழுத்துக்கொள்ளும்.

"ம், போடுங்க!"

விசிறி சுற்ற ஆரம்பித்தது. தரையோரம் சோம்பிக் கிடந்த மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்று, ரோஸ் நிறம், மெதுவாக எழுந்தது. எழுந்து, பட்டென்று ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே வெள்ளையில் இன்னொன்று. அடுப்பின் மூக்கைப் பொத்திய மாதிரி ஆகிவிட்டது. "அணைங்க," என்றாள். விசிறி நின்றது. பைகள் இரண்டும் நழுவிக் கீழே விழுந்து பழையபடி சாதுவாகக் கிடந்தன. அடுப்பை முன்னால் இழுக்கும்போது இவை பின்னாலேயே தங்கிவிடும். கண்ணாடியைத் தூக்கி மேலே மட்டும் பார்த்தவளுக்கு எப்படி அகப்படும்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அது நின்றுவிட்டது.

அந்தப் பைகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும். கடையில் கொடுக்கும் பை ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போட்டதில்லை. கிரீஸ் பிடித்த கையுறையையும் கழற்றிய பாகங்களையும் சுற்றி எடுத்துவர அதைவிடத் தோதான சாமான் கிடையாது. சேரும் பைகளையெல்லாம் அடுப்புக்கு அடியில் இருந்த இழுப்பறையில் திணித்து, காலால் ஓர் உதை விட்டு மூடுவாள். உதைத்த உதையில் பின்பக்கமாக வழிந்து விழுந்திருக்கின்றன.

வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் காத்திருந்தன. பைகளைச் சட்டைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு, "கொஞ்சம் தூசி" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுப்பு ஓடும். ஆனால் அத்தைக்குப் பால் பொங்கியது பொங்கியதாகவே இருக்கும். அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தாள்.

"அத்தை. கடைசியா யாரு தொட்டதுன்னு அன்னைக்குக் கேட்டேன் இல்ல? நான்தான். இது என்னோட பை. நான் உதைச்சு உதைச்சுப் பின்னால போய் விழுந்து காத்தை அடைச்சிருக்கு. பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க மேல பழியைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வந்திருக்கேன். மன்னிச்சுடுங்க."

அத்தை கையை நீட்டினார். ரோஸ் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ பால் பொங்கினது?"

"பொங்கினா துடைச்சா போச்சு."

அத்தை விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சமையலறை நடுவில் வந்து திறந்தார். மடித்து வைத்த துணிமணிகளை அள்ளி நாற்காலியில் போட்டார். ஓரமாகக் கிடந்த இழுப்பறையைக் காலிப் பெட்டியின் மேல் கவிழ்த்தார். பச்சை, மஞ்சள், கோடு போட்டது என்று எத்தனையோ காலத்துப் பைகள் பெட்டி வழியக் கொட்டின. முழங்காலால் அமுக்கிப் பூட்டைப் போட்டார்.

"இந்தாப்பா," என்று பெட்டியை மூத்த மகன் கையில் கொடுத்தார். "கொண்டு போய் வை. உன் வீட்டுல சும்மா உட்காரட்டும்."

அவர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்ய? மருமகள் அடுப்பைச் சுவரோடு தள்ளினாள். கைகூடக் கழுவவிடாமல் அவளை நகரச் சொல்லிவிட்டு, அத்தை ஒரு பாத்திரம் பாலை ஏற்றி, பட்டனைத் தானே அழுத்தினார்.

"டீ குடிச்சுட்டுப் போடா," என்றார். "பொங்கினா பொங்கட்டும்."