உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி

என்னைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து வருகிற அம்மாவுக்கு நான் வைத்த பெயர் மேஸ்திரி. பொருத்தம் பார்த்துத்தான் வைத்தேன். எனக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார். சட்டைப் பொத்தானை நான்தான் போட வேண்டும். படுக்கையை நான்தான் உதற வேண்டும். சமையலறையில் நான் நின்று பீன்ஸ் நறுக்கினால், எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "பொடிசா நறுக்குங்க ஐயா. கதவுக்கு ஆப்பு வைக்கவா போறோம்?" என்பார்.

இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வேறொருவர் இருந்தார். தங்கமான மனிதர். உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். ஊட்டினார், துடைத்தார், தூக்கி உட்காரவைத்தார். அவர் தாங்கத் தாங்க, என் கால்கள் தங்களுக்கு இங்கே வேலையில்லை என்று நீண்ட லீவு போட்டுவிட்டன. அவர் போனபின் மேஸ்திரி வந்தார். முதல் நாளே சாக்ஸை என் கையில் கொடுத்து, "போடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நான் கத்தினேன். அவர் அசையவில்லை. நான் ஒரு சாக்ஸைப் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. இப்போது அந்த டீயையே நான்தான் போடுகிறேன்.

ஒரே ஒரு சட்டம். நான் எழுந்து நின்றால் இடுப்பில் அகலமான துணிப்பட்டை இருக்க வேண்டும். அதன் பின்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. நான் நிற்கும்வரை மேஸ்திரியின் கை அந்தப் பிடியை விட்டு விலகாது. இழுக்காது, தூக்காது, சும்மா இருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். லிஃப்டில் போகிற எவரும் பிரேக்கைப் பார்த்ததில்லை. ஆனால் அது இல்லாத லிஃப்டில் நான் என் கருவிப் பெட்டியைக்கூட ஏற்றமாட்டேன்.

என் மகளும் பிரேக்கைப் பார்க்கவில்லை. அடுத்த ஊரில் இருக்கிறாள். அடுப்பை நினைத்துப் பயந்து சமையலறைச் சுவரில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறாள். அதில் என் முகம் தெரியும், கத்தி தெரியும், பின்னால் ஒருவர் ஹாயாக உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் கை எங்கே இருக்கிறது என்பது என் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

ஒருநாள் போன் செய்தாள். "அப்பா, நீங்க நின்னு வேலை பாக்குறீங்க, அந்தம்மா உக்காந்து வேடிக்கை பாக்குறாங்க. ஏஜென்சில புகார் சொல்லிட்டேன். நாளைக்கு அதிகாரி ஒருத்தரக் கூட்டிட்டு வர்றேன். ஆளை மாத்திடலாம்."

"அப்படியில்ல கண்ணு, அவங்க என்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான்..."

"நீங்க யாரையும் விட்டுக்குடுக்க மாட்டீங்கப்பா. எனக்குத் தெரியாதா?" போனை வைத்துவிட்டாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

மேஸ்திரியை மாற்றினால் மறுபடியும் யாராவது ஒரு தங்கமான மனிதர் வருவார். மறுபடியும் நான் நாற்காலியில் வைத்த மூட்டையாவேன். இன்னொரு முறை எழுந்துவர எனக்குத் தெம்பில்லை. அதை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. நான் பார்க்காத இன்ஸ்பெக்டரா? லிஃப்ட் நன்றாக ஓடினால் போதாது, இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு நன்றாக ஓட வேண்டும். என் லிஃப்ட் ஒன்றுகூடச் சோதனையில் தோற்றதில்லை. மேஸ்திரி உட்கார்ந்திருப்பதுதானே புகார்? அவரை உட்காரவிடாமல் வேலை வாங்கினால் போகிறது! நான் கொஞ்சம் சுருண்டு கிடந்தால் அவர் ஓடி ஓடிச் செய்வார், அதிகாரி பார்த்து மெச்சுவார். மேஸ்திரியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மறுநாள் மகளும் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி இளவயதுக்காரர், கையில் டேப்லெட், சிரித்த முகம். மேஸ்திரி கதவைத் திறக்கப் போனதும் நான் சோபாவில் சரிந்தேன். தலையைத் தொங்கவிட்டேன்.

"தண்ணி..." என்றேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில்.

மேஸ்திரி டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கையைத் துவளவிட்டேன். வேறு வழியில்லாமல் அவரே வாயில் வைத்தார். எனக்கு ஒரே உற்சாகம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நடிப்பு என்று இறங்கிவிட்டால் சும்மா விடமுடிகிறதா? வாயை ஒரு பக்கமாகக் கோணி, தண்ணீரை ஓரமாக ஒழுகவிட்டேன்.

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "ஐயா, என்னைப் பாருங்க. சிரிங்க."

இந்த நேரத்தில் என்ன சிரிப்பு? பாதி வாயால் சிரித்துவைத்தேன்.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

ஒரு கையை மட்டும் தூக்கினேன்.

"'இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு.' இதைச் சொல்லுங்க."

வேடம் போட்டாகிவிட்டது, பாதியில் கலைக்கமுடியுமா? "வெழ்... வெழ்..." என்றேன்.

"பக்கவாதம் மாதிரி இருக்கு! காலைல நல்லா இருந்தார். சார், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. இனிமே யாரும் வாயில தண்ணி குடுக்காதீங்க, புரையேறிடும்." சொல்லிக்கொண்டே என்னைப் பக்கவாட்டில் திருப்பித் தலையணை வைத்தார். குரல் நடுங்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த விரல்கள் சில்லென்றிருந்தன.

"அப்பா!" என்று மகள் அலறினாள். அதிகாரி போனை எடுத்து எண்களை அழுத்தியபடியே அவளிடம், "பயப்படாதீங்க மேடம். சரியானதும் வீட்ல வெச்சுப் பாக்குறது கஷ்டம். முதியோர் இல்லத்துல ஒரு இடம் பாத்துத் தர்றேன்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆளை மாற்றுவது போய் வீட்டையே மாற்றப்போகிறார்கள்!

"ஐயையோ, வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். கிடுகிடுவென்று போய் அதிகாரியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். "எனக்கு ஒண்ணுமில்ல! வெயில் நல்லா இருக்கு! ரொம்ப நல்லா இருக்கு!"

அப்போதுதான் இடுப்பில் பட்டை இல்லாதது நினைவுக்கு வந்தது. கால் ஒன்று ஆடியது. விழுவதற்கு முன்பே மேஸ்திரியின் கை பின்னாலிருந்து என் இடுப்பை வளைத்துப் பிடித்துவிட்டது.

"பட்டை கட்டாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தப்புதான் மேஸ்திரி."

"என் உயிரே போயிடுச்சு! என்ன கூத்து இது?"

"உங்களை மாத்திடக் கூடாதுன்னுதான்..." மேஸ்திரி பட்டையை எடுத்து என் இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றாள். "ஓடிட்டீங்களேப்பா" என்றாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ எழுந்து உக்காரவே முடியலையே உங்களால."

"உக்காந்து வேடிக்கை பாக்குறாங்கன்னு சொன்னியே, அவங்க செஞ்ச வேலைதாம்மா இது."

அதிகாரி டேப்லெட்டை மூடிவைத்தார். "சமையலறைல தினமும் எப்படியோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார். நான் போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்து பிடியைப் பற்றினார். அதிகாரி குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். உட்கார்ந்தால் கை சரியாக இடுப்பு உயரத்துக்கு வரும், எவ்வளவு நேரமானாலும் வலிக்காது. அதற்குத்தான் ஸ்டூல். மகள் கேமராவை ஒருமுறை பார்த்தாள், அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.

"பொண்ணுன்னா பயம் இருக்கத்தானே செய்யும்? விடுங்க" என்றார் மேஸ்திரி.

"புகாரை மூடிடறேன். இவங்களே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "ஆனா ஒரு பாதுகாப்பு விதிமீறல் எழுதியே ஆகணும். பட்டை இல்லாம எழுந்து ஓடினது. ஐயா பேர்லதான்."

வாழ்க்கையில் முதன்முறையாகச் சோதனையில் தோற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சோதனையிலும் ஜெயித்ததில்லை.

"அக்கா, நான் கொஞ்சம் பிடிக்கவா?" என்று கேட்டு மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்துக்கொண்டாள். என்னால் சர்க்கரை டப்பாவை எட்ட முடியவில்லை.

"லிஃப்ட் நகரணும்மா" என்றேன்.

"தளர்த்துங்க. சும்மா வெச்சிருந்தாப் போதும்" என்றார் மேஸ்திரி.

முதுகுக்குப் பின்னால் அந்தக் கை மெல்லத் தளர்ந்தது. நான் ஓரடி நகர்ந்து டப்பாவை எடுத்தேன். அவசரத்தில் சர்க்கரை குறைவாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. மகள் அதைக் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு கப் கேட்டாள்.