தகடு தேய்ந்த அடுப்பு

என் சமையலறையைப் பார்த்து அழுக்கு என்று யாரும் விரல் நீட்டியது கிடையாது. சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு தடவை வந்தார்கள். நான்கு தடவையும் குறை எழுதக் கொண்டுவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே மேசையில் உட்கார்ந்து, காசு கொடுத்து மத்தி மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். லிஸ்பனுக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் பரெய்ருவில் படகுத்துறைப் பக்கம் போய், என் பெயரைச் சொல்லி, டியோலிந்தா கடை எப்படி என்று கேட்டுப் பாருங்கள். சுவையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சுத்தத்தைப் பற்றி எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். அந்தச் சுத்தம்தான் என் குடியைக் கெடுத்தது.

நானும் என் கணவர் பெல்மிருவும் பத்தொன்பது வருஷம் நடத்திய கடை. நான் அடுப்படி, அவர் மேசைப் பக்கம். போன இலையுதிர் காலத்தில் கட்டடத்தை லிஸ்பன்காரர்கள் யாரோ வாங்கினார்கள். மார்ச் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. இடித்துவிட்டு வேறு கட்டப் போகிறார்களாம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பெல்மிருவுக்கு அறுபத்தொன்று, அவருடைய இரண்டு முட்டியும் போய்விட்டன. இந்த வயதில் எங்களை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

ஒரே ஒரு வழி இருந்தது. அடுத்த தெருவில் கிழவர் அபீலியு தன் சின்ன ஒயின் கடையை விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். எட்டு மேசை போடலாம். அதே கடையைக் கேட்டுக் கைப்பேசி பழுது பார்ப்பவன் ஒருவனும் அலைந்துகொண்டிருந்தான். ஆனாலும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரை எங்களுக்காகச் சாவியை வைத்திருப்பதாக அபீலியு வாக்குக் கொடுத்தார். முன்பணத்துக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்டோம். சாமான்களை அடமானமாக எழுதிக் கொடுங்கள், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் பத்தாயிரம் யூரோ பெறும் என்று எழுதித் தந்தால் போதும் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் அடுப்பு ஒன்றே புதிதில் பதினெட்டாயிரம். ஆறு பர்னர், கீழே இரண்டு ஓவன். ஒன்பது வருஷத்துக்கு முன் இத்தாலியிலிருந்து தருவித்தது. கடைசித் தவணை கட்டிய அன்று நானும் பெல்மிருவும் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டுத் தேய்த்தேன். கம்பி நாரும் சோடாக் காரத் தண்ணீருமாக, மூடி முதல் திருகாணி வரை. பெல்மிரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "விட்டா என்னையும் தேய்ச்சு வெளியில காயப்போட்டுருவ" என்று நக்கலடித்தார். உன்னைத் தேய்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை மதிப்பீட்டாளர் வந்தார். வலாடஸ் என்று பெயர், எஞ்சினீயர், மெலிந்த ஆள், மரியாதைக்காரர். கையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, அட்டையில் செருகிய தாள்கள். காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே காபி இயந்திரத்தைத் தட்டிப் பார்த்து, இது காபி கம்பெனிக்காரர்களுடையதுதானே என்றார். ஆமாம், அவர்கள் தூளை வாங்கும்வரை இயந்திரம் இரவல், இந்த நாட்டில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். பீர் குழாய், வாசல் குடைகள், வெளி நாற்காலிகள் எல்லாம் பீர் கம்பெனியுடையவை. ஐஸ்கிரீம் பெட்டி ஐஸ்கிரீம்காரனுடையது. அவர் ஒவ்வொன்றாகக் கோடு அடித்துக்கொண்டே போனார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பத்தொன்பது வருஷம் தினமும் துடைத்த பொருள் அடுத்தவனுடையது என்பது எப்போதோ மறந்துபோயிருந்தது.

பரவாயில்லை, அடுப்பு இருக்கிறது என்று அவரை உள்ளே கூட்டிப்போனேன். அவர் குனிந்து, முன்பக்கம் வலது மூலையில் இருந்த கட்டைவிரல் நீளத் தகட்டின் மேல் டார்ச்சை அடித்தார். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். தகடு முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"இதுல மாடல், நம்பர், வருஷம் எல்லாம் பொறிச்சிருப்பாங்கம்மா. என்ன ஆச்சு?"

"தினமும் தேய்ப்பேன் சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

தகடு இல்லாத சாமானுக்கு அவரால் மதிப்புப் போட முடியாதாம். எந்தப் பொருள் என்று அடையாளம் காட்டாமல் வங்கி அடமானமாக எழுதாதாம். தகடு இல்லாவிட்டால் பழைய இரும்புக் கணக்கில், கிலோ எடைக்குத்தான் எழுத வேண்டுமாம். பில் இருக்கிறதா என்று கேட்டார். கீழறையில் தண்ணீர் புகுந்த வருஷம் காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. விற்ற கடையும் மூடி நாலு வருஷம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறந்தார். அதன் கதவுக்குள் இருந்த தகடும் மொட்டை. எண்ணெயில் பொரிக்கும் தொட்டியும் மொட்டை. உறைபெட்டி ஒன்று, இறைச்சி சீவும் இயந்திரம் ஒன்று, இந்த இரண்டில்தான் எழுத்து மிஞ்சியிருந்தது. உறைபெட்டியில் அது பின்புறம் ஒட்டியிருந்ததால் தப்பித்தது.

அவர் மறுபடி அடுப்புப் பக்கம் வந்தார். நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் நினைத்தார்.

"சில கம்பெனில பின்னாடியும் ஒரு தகடு அடிப்பாங்க. எல்லாரும் இல்ல, சில பேரு. கொஞ்சம் முன்னால இழுத்துப் பார்க்கலாமா?"

பெல்மிரு எழுந்தார், வாங்க ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம் என்று. அந்த அடுப்பை இழுத்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பும் சுவரையும் தரையையும்தான் தேய்த்திருக்கிறேன், அடுப்பின் முதுகைப் பார்த்ததில்லை. பெல்மிருவின் முட்டியில் அறுவை நடந்ததிலிருந்து அதை நகர்த்த ஆள் இல்லை. என் ஒருத்தியால் முடியாது. கூலிக்கு ஆள் கூப்பிட்டால் பின்னால் கிடப்பதை அவன் பார்ப்பான், ஊரெல்லாம் சொல்வான். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி ஆறு வருஷம் ஓடிவிட்டது. அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷத்து எண்ணெய், மீன் செதில், கரப்பான் பூச்சி, இன்னும் என்னென்னவோ. படித்த மனிதர் ஒருவர் டார்ச் அடித்து அதைப் பார்ப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

"அது நகராது சார். கேஸ் குழாயைச் சுவத்தோட வெச்சுப் பூசிட்டாங்க" என்றேன்.

பெல்மிரு என்னைப் பார்த்தார். ரப்பர் குழாய்தான், வளையும், அவருக்குத் தெரியாதா? வாய் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக என்னை வெளி ஆள் முன்னால் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. அன்றைக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்திருக்கலாம். எஞ்சினீயர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் பெல்மிரு மெதுவாக, முட்டி போனால் போகட்டும், நாமே இழுத்துப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் போடலாமா என்று கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். பின்னால் தகடு இருக்கும் என்று யார் சொன்னது, இருந்தால் இருக்கும் என்றுதானே சொன்னார், பொய் சொன்னவள் என்று எழுதிக்கொள்வாரே, இன்னும் என்னென்னவோ கத்தினேன். பெல்மிரு போய் மேசை விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தார். பின்னால் தகடு இல்லை என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அறிக்கை வந்தது. மொத்தம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது யூரோ. அடுப்புக்கு நேராக, "அடையாளம் இல்லாத சமையல் அடுப்பு, பழைய இரும்பு" என்று போட்டு எடையை எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி: சாமான்கள் மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்பட்டுள்ளன. என் மனம் ஆறட்டும் என்று சேர்த்திருப்பார் போல. வங்கியில் அந்த வரியை யாரும் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை அபீலியு காத்திருந்தார், வாக்குத் தவறாத மனிதர். திங்கட்கிழமை அந்தக் கடை வாசலில் கைப்பேசிப் படம் போட்ட பலகை ஏறிவிட்டது.

காலி செய்ய ஒரு நாள் இருக்கும்போது பழைய இரும்புக்காரர் ஜசிந்து இரண்டு ஆட்களோடு வந்தார். அவர்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். அடுப்பு சாதுவாக முன்னால் வந்தது. பின்னால் நான் நினைத்ததைவிட மோசம். சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் பிசுக்கேறிக் கிடந்தது. நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜசிந்துதான் குனிந்தார்.

"இங்க பாருங்கம்மா, ஏதோ எழுதியிருக்கு."

உள்ளங்கை அகலத் தகடு. ஆறு வருஷத்து எண்ணெய் அதை மெழுகு பூசியதுபோல் மூடிப் பாதுகாத்திருந்தது. ஜசிந்து கட்டைவிரலால் வழித்துவிட்டார். மாடல், நம்பர், வருஷம், ஓர் எழுத்துகூடத் தேயவில்லை.

பெல்மிரு போனை எடுத்து எஞ்சினீயரைக் கூப்பிட்டு எண்ணைப் படித்துக் காட்டினார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அந்த மாடலா, அடுப்பு ஒன்றே ஒன்பதாயிரம் போட்டிருப்பேனே, மற்றதோடு பத்தைத் தாண்டியிருக்கும், குழாயைப் பூசியிருப்பதாக அல்லவா சொன்னீர்கள் என்றார். பெல்மிரு, ஆமாம் சார், நாங்கள்தான் தெரியாமல் சொல்லிவிட்டோம் என்றார். அப்போதும் 'நாங்கள்' என்றுதான் சொன்னார்.

ஜசிந்து நல்லவர். இனி இதை எடைக்கு எடுப்பது பாவம், வேறு கடைக்காரர் யாருக்காவது விற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றதை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்பதாயிரம் பெறும் அடுப்பு என் சமையலறை நடுவில் நின்றது. வைத்துச் சமைக்கத்தான் எனக்கு இடம் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. அங்கே சாப்பாடு லாரியில் தட்டோடு வந்து இறங்கும். நான் தட்டு கழுவ வேண்டும்.

"அன்னிக்கே இழுத்திருக்கணும்" என்றேன் பெல்மிருவிடம். "எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"தெரியும்" என்றார். "அதான் நானும் பேசல."

அவர் பீர் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாளியில் வெந்நீர் பிடித்து, காரத்தைக் கரைத்து, கம்பி நாரை எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். நாங்கள் போனதும் இடிக்கப்போகிற சுவர். மாலை வரை தேய்த்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.