கீறல் படாத வாட்ச்

சின்னப்பொண்ணுவின் அப்பா ரத்தினம், மதராசில் ஒரு துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பல் ஏறிய அன்று, தன் கையிலிருந்த தங்க முலாம் போட்ட சுவிஸ் வாட்ச்சைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ரத்தினம் அதை ஒரு நாள்கூடக் கட்டிக்கொண்டதில்லை. பஞ்சில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். மகளுக்குக் கல்யாணமாகித் தலை தீபாவளி வந்தபோதுதான் அது வெளிச்சத்தையே பார்த்தது. மாப்பிள்ளை தசரதன் கையில் கட்டிவிட்டு, ஒரு கீறல் விழாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன், இனிமேல் உங்கள் பொறுப்பு என்றார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

அப்பா போனபிறகு அந்த வாட்ச்தான் அப்பா என்று ஆகிவிட்டது அவளுக்கு. தினமும் காலையில் புருஷன் கிளம்பும்போது, வாட்ச் பத்திரம் என்று அவள்தான் சொல்லி அனுப்புவாள். அவள் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

தசரதனுக்கு ஒரகடத்துக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் வேலை. பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரிக்கு நெருப்பு வைக்கிற வேலை. கூட வேலை செய்பவன் அவன் தம்பி கோபால்; இருவரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம். திரி வைத்தும் வெடிக்காமல் போன குழிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் யாரும் போகக்கூடாது என்பது அங்கே கட்டளை. முன்பெல்லாம் வெயிலைப் பார்த்தும் பீடியை எண்ணியும் அந்த அரை மணியைக் கழிப்பார்கள். தசரதன் கைக்கு வாட்ச் வந்ததிலிருந்து வெடிக்கு முன்னால் ஊதும் விசிலைக்கூட மேஸ்திரி அவனிடம் மணி கேட்டுத்தான் ஊதினார். ஆளுக்கு மதிப்பு ஏறிப்போயிற்று.

வீட்டுக்கு வந்தால் முதல் காரியம், வல்லக்கோட்டை முருகன் விபூதியைத் துணியில் தொட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பது. சாமி விபூதியை இதற்கா எடுப்பது என்று அவள் கேட்டால், முருகனே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு என்ன என்பான். மூன்று வருஷத்தில் அந்தக் கண்ணாடியில் மயிரிழை கூட விழவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் மீனம்மாள் வந்து சேர்ந்தாள். குவாரியில் கல் சுமக்கிறவள்; வாயைத் திறந்தால் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் மூடமாட்டாள்.

"உன் வூட்டுக்காரன் கூத்த கேட்டியாடி சின்னப்பொண்ணு? திரிய பத்த வச்சிட்டு எல்லாரும் ஓடியாறோம். பாதி வழியில இந்த ஆளு திரும்பி ஓடறாரு. இன்னாடான்னு பாத்தா, பாறை இடுக்குல வாட்ச்ச கழட்டி வச்சிட்டாராம். எடுத்துகினு வந்து மறைவுல விழுந்தாரு பாரு, பின்னாலயே டமார்னுச்சி."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சின்னப்பொண்ணு கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். வாளி தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

சாப்பாடு போடும்போது கேட்டாள். குழிக்குள் கை விட்டால் பாறை உரசுகிறது, அதனால் கழற்றி வைக்கிறேன் என்றான். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்றதற்கு, மேஸ்திரிக்கு யார் மணி சொல்வது என்றான்.

"மறுபடி மறந்துட்டா?"

"மறக்கமாட்டேன்."

"மறந்துட்டா இன்னா பண்ணுவ?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். திரும்பி ஓடத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பகல் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. உச்சி வெயிலில் விசில் ஊதும். கோழிகள்கூட அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தன. பிறகு பூமி ஒரு குலுக்குக் குலுக்கும், கூரையிலிருந்து தூசு கூழில் விழும். அந்தத் தூசைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவன் சட்டை தோளிலிருந்து கிழிந்து வந்தது. முள்ளில் மாட்டிக்கொண்டது என்றான். கோபால்தான் பிறகு தனியாக வந்து சொன்னான்: அண்ணன் மறுபடி திரும்பி ஓடினார், நான் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன், வாட்ச்சும் நல்லவேளை தப்பித்தது என்று.

சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை அவன் குளிக்கப் போனபோது, அவன் கால்சட்டை மடிப்பில் சிக்கியிருந்த கருங்கல் சில்லு ஒன்றை எடுத்தாள். வாட்ச்சை மடியில் வைத்தாள். முதல் தடவை கை வழுக்கிற்று; தடமே விழவில்லை. அப்பாவின் முகத்திலேயே கோடு போடுவதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அழுத்தி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. கண்ணாடியோடு நிற்காமல் தங்க முலாமிலும் இறங்கியது.

தசரதன் பார்த்தான். யார் என்று கேட்டான். நான்தான் என்றாள்.

"இனிமே கையில கட்டிகினே வேலை செய். எத்தினி கீறல் வேணா விழட்டும். நீ வூடு வந்து சேந்தா போதும் எனக்கு."

அவன் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. விபூதியைக் குழைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கோடு பளிச்சென்று தெரிந்ததே தவிரப் போகவில்லை. கடைசியில் வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனான்.

கோபித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. அன்று விசில் ஊதியபோது அவள் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாயிற்று அப்படிச் சாப்பிட்டு.

சாயங்காலம் அவன் வெறுங்கையோடு வந்தான். வாட்ச் எங்கே என்று கேட்க அவள் வாய் எடுப்பதற்குள், பின்னால் கோபால் வந்தான். இடது கையை உடம்பிலிருந்து தள்ளி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தான். போன ஆவணியில் கல்யாணமான அவன் பெண்டாட்டி லீலா, வாசலுக்கு ஓடிவந்து அந்தக் கையை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள்.

கீறல் விழுந்தது எனக்கு எதற்கு, இவன் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்று தசரதன் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கோபால் புதிய கைக்குட்டை ஒன்றை எடுத்தான். வாட்ச்சைக் கழற்றி, அதில் நாலாக மடித்துச் சுற்றினான்.

"கவலப்படாதீங்க அண்ணி. விழுந்தது விழுந்துச்சி. இனிமே இன்னொரு கோடு விழ வுடமாட்டேன். குழிகிட்ட போறப்பவே கழட்டி வச்சிடுவேன்."

"அத என்கிட்ட குடுத்துடு கோபாலு," என்றாள் சின்னப்பொண்ணு.

லீலா முகம் சுருங்கிப்போயிற்று. "அக்காவுக்கு அவங்க அப்பா வாட்ச்ச வுட மனசு வரல," என்றாள், யாரையும் பார்க்காமல்.

சின்னப்பொண்ணுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. அண்ணன் இரண்டு தரம் திரும்பி ஓடியதையும், நீயே பிடித்து இழுத்ததையும் நினைத்துப் பார் என்றாள். நாளைக்கு நீயும் மறந்துவைத்துவிட்டு ஓடுவாய் என்றாள்.

கோபால் சிரித்தான். சின்ன வயசு, நல்ல பல் வரிசை அவனுக்கு.

"அண்ணன் மாதிரி மெதுவா ஓடற ஆளா அண்ணி நானு?"

அடுத்த நாள் உலையில் அரிசி போட்டவள், அது கொதிக்குமுன்னே அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். வேகாத சோற்றையா இறக்குவது என்று லீலா கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலைத் தாண்டிவிட்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குவாரிக்குப் போகிற வண்டித் தடத்தில் இறங்கி நடந்தாள். பிறகு நடை ஓட்டமாயிற்று. பனைமரங்களைத் தாண்டி, பாறை கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வருவதற்குள் விசில் ஊதிவிட்டது.