பயணத்தின் நோக்கம்: சும்மா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

நான் கதை எழுதுகிறவன். அதை நம்பி அடுப்பு எரியாது என்பதால் பகலில் ஒரு விசா ஏஜென்சியில் வேலை. வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களின் விண்ணப்பத்தை நிரப்பி, கூடவே வைக்கும் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுப்பேன். ‘ஐயா, நான் இன்னார், இன்ன காரணத்துக்காக உங்கள் நாட்டுக்கு வருகிறேன், இத்தனை நாள் இருப்பேன், ஒழுங்காகத் திரும்பிவிடுவேன்’ என்று தூதரக அதிகாரிக்குச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம். எட்டு வருடமாக எழுதுகிறேன். என் கதைகளைக் கடைசி வரி வரை படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. கடிதங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வாசகர் உறுதி. அதுவும் கையில் முத்திரையோடு உட்கார்ந்து படிக்கிற வாசகர்.

[எனக்கு இந்த வேலை நன்றாக வரும். அடக்கமாகச் சொல்லலாம்தான். ஆனால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.]

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

முதல் வரைவு: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில் அந்த மூதாட்டி—’

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மழை இல்லை, சுள்ளென்று வெயில். அவர் மூதாட்டியும் இல்லை. அறுபத்தொரு வயது, மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறுகிறவர். மூதாட்டி என்று நான் எழுதியது தெரிந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. அவர் என் மாமியார்.

இரண்டாம் வரைவு: ‘இருபத்தொன்பது வருடம் கொதிநீரில் கையை விட்டவளுக்கு, உறைந்த நீரைப் பார்க்கும் ஆசை வந்தது.’

நல்ல வரி. எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்தேன், அவ்வளவு திருப்தி. என் மாமியார் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி என்று எல்லாம் அவர் கையால் வெளுத்தவை. அவரிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் மாப்பிள்ளை? துணி துவைச்சது சம்பளத்துக்கு. ஏரி பார்க்கப் போறது சும்மா.”

அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டிருக்கிறேன்.

3

மூன்றாம் வரைவுக்கு அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்:

“மாப்பிள்ளை, எனக்கு ஒரு விசா போட்டுக் குடுங்க.”

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு காலண்டர் தொங்கியிருக்கிறது. அதில் ஒரு வெளிநாட்டு ஏரி, கரையிலிருந்து கரைவரை உறைந்து கிடக்கிறது. அதன் நட்டநடுவில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். மாமியார் அந்தப் படத்தை அடைப்பு வைத்த பல்லோடு அரை மணி நேரம் பார்த்திருக்கிறார்.

“அங்க போய் என்னம்மா பண்ணப் போற?” என்றாள் என் மனைவி.

“பார்ப்பேன். கொஞ்சம் நடப்பேன்.”

“விழுந்து கிழுந்து வெச்சா யாரு தூக்குவா?”

“விழுந்தா எந்திரிச்சுக்கிறேன். இத்தனை நாளா யாரு தூக்கினா?”

“சரி, திடீர்னு எதுக்கு?”

“எதுக்குன்னா? சும்மாதான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மாமியாரைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தேனிலவு, மகளின் பிரசவம், அலுவலகத்தில் பரிசாகக் கிடைத்த பயணம் என்று ஆளுக்கொரு காரணம் கையில் இருக்கும். சும்மா போகிறேன் என்று சொன்னவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை.

4

ஆவணங்கள் அத்தனையும் அவரிடம் சுத்தமாக இருந்தன. ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் ஒரு முத்திரைகூட விழாத பக்கங்கள், வங்கிக் கணக்கு விவரம், ஓய்வூதிய ஆணை, விடுதி முன்பதிவு, போக வர டிக்கெட், பயணக் காப்பீடு. எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மூலையில் ஒரே அளவில் கிளிப் போட்டுக் கொண்டுவந்தார். துணி மடித்த கை.

போட்டோ எடுக்கும்போது ஒரு சின்னத் தகராறு. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்றேன்.

“சிரிச்சா உள்ள விட மாட்டாங்களா?”

“விதி அத்தை.”

“அப்ப சுத்திப் பார்க்க வர்றவங்க எல்லாம் உம்முனு வரணுமாக்கும்.”

விண்ணப்பம் கொடுக்கும் மையத்தில் கைரேகை எடுத்தார்கள். இயந்திரம் அவருடைய ரேகையைப் படிக்க மறுத்தது. வெளுப்பு மருந்தும் கொதிநீரும் விரல் நுனிகளை வழுவழுவென்று ஆக்கியிருந்தன. ஈரத் துணியால் துடைத்து, அழுத்தி, திரும்ப வைத்து, ஏழாவது முறை பச்சை விளக்கு எரிந்தது.*

* இந்த இடத்தில் ‘தன் அடையாளத்தையே உழைப்புக்குக் கொடுத்தவர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேலே சொன்ன அதே காரணத்துக்காக எடுத்துவிட்டேன். அவருக்கு அன்றைக்கு இருந்த கவலையெல்லாம் பின்னால் வரிசை நீள்கிறதே என்பதுதான்.

5

இனி அந்தப் பொய்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘உறைந்த ஏரியைப் பார்க்க வருகிறேன்’ என்று ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. தனியாக ஒரு பெண், அறுபத்தொரு வயது, வெளிநாடு போனதே இல்லை, வெறும் ஏரிக்காகவா? கதையில் இப்படி ஒரு பாத்திரம் வந்தால் நானே கேட்பேன், இவளுக்கு உந்துதல் என்ன என்று. ஆகவே ஒரு தோழியைச் சேர்த்தேன்.

பள்ளித் தோழி. திருமணமாகி அந்த நாட்டில் குடியேறியவள். இப்போது முழங்கால் வலி, இங்கே வர முடியாது, ஆனால் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறாள். ‘ஒருமுறை வந்துவிட்டுப் போ’ என்று வருடந்தோறும் கூப்பிடுகிறாள். நான்கே வரிதான். உயிரோடு எழுந்து நின்றாள். முழங்கால் வலியைச் சேர்த்ததற்காக என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

கடிதம் தூதரகத்தின் மொழியில் இருந்தது. மாமியாருக்கு அந்த மொழி தெரியாது. தமிழில் படித்துக் காட்டவா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “மாப்பிள்ளை எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

6

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். நான் வெளியே நடைபாதையில் நின்றேன். உள்ளே நடந்ததை மாமியார் சொல்லித்தான் எழுதுகிறேன்.

“எங்க நாட்டுல உங்களுக்கு யாரைத் தெரியும்?”

“யாரையும் தெரியாதுங்க.”

“உங்க தோழி?”

“எந்தத் தோழி?”

அதிகாரி கடிதத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் காட்டினாராம். மொழிபெயர்ப்பாளர் வாசித்தாராம், முழங்கால் வலி, தோட்டம் எல்லாம் உட்பட. மாமியார் கடைசி வரை கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்லைங்க” என்றாராம்.

நான்கு நாளில் மின்னஞ்சல் வந்தது. கடிதத்தில் தவறான தகவல் இருக்கிறது, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், விளக்கம் ஏற்கப்படாவிட்டால் பத்து வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

அறுபத்தொன்றோடு பத்தைக் கூட்டினால் எழுபத்தொன்று. இதற்குக் கதை எழுதத் தெரிய வேண்டியதில்லை.

7

எங்கள் முதலாளி ஈரச் சட்டைபோல் கசங்கிப் போனார். பிறகு அவரே தேறி ஒரு வழி சொன்னார்.

“எழுத்தாளரே, வேற ஒருத்தரோட கடிதம் மாறிப் போச்சுன்னு எழுதுங்க. ஆபீஸ்ல ஆயிரம் பேப்பர் கிடக்கு, மாறாதா? உங்க வேலையும் தப்பிச்சுது, என் லைசென்ஸும் தப்பிச்சுது.”

எழுதினேன். ஒட்டுப் போட்ட இடம் தெரியாத கடிதம். இந்த முறை மட்டும் மாமியார் பேனாவைத் தொடவில்லை.

“தமிழ்ல சொல்லுங்க.”

சொன்னேன்.

“இல்லாத தோழிய மறைக்க, இல்லாத இன்னொருத்தரா?”

சரி என்று உண்மையையே எழுத உட்கார்ந்தேன். அது நான்கு பக்கம் போனது. புனைகிறவனுக்கு உண்மையின் மேல் இருக்கும் அவநம்பிக்கை, காரணம் கேட்டே பழகிய உலகம், சாதாரண ஆசையைப் பார்த்து நாம் ஏன் மிரள்கிறோம்— [மீதியை உங்களுக்காக வெட்டிவிட்டேன்.] நானே மெய்மறந்து வாசித்தேன். மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லா எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை. இதுல நான் எங்க இருக்கேன்?”

தாள்களைத் திரும்பப் புரட்டினேன். நான்கு பக்கத்திலும் நான்தான் இருந்தேன்.

8

அவரே எழுதினார். சாப்பாட்டு மேசையில், என் மகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, முக்கால் மணி நேரம். நடுவில் ஒருமுறைதான் தலையைத் தூக்கினார், நான் எட்டிப் பார்க்கிறேனா என்று.

‘மதிப்புக்குரிய அதிகாரிக்கு,

உங்கள் நாட்டில் எனக்குத் தோழி யாரும் இல்லை. இருப்பதாக எழுதியவர் என் மருமகன். அவர் கெட்டவர் இல்லை, கதை எழுதுகிறவர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு.

உங்கள் ஊர் ஏரி உறைந்து கிடப்பதைப் படத்தில் பார்த்தேன். அதை நேரில் பார்க்க வேண்டும். அதன் மேல் கொஞ்சம் நடக்க வேண்டும். சும்மாதான் வருகிறேன். பத்து நாளில் திரும்பிவிடுவேன். என் வீடு இங்கே இருக்கிறது.’

“இதை அப்படியே அவங்க மொழியில போடுங்க. ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக் கூடாது.”

“‘சும்மா’வை என்னன்னு போடுறது அத்தை?”

“வேற காரணம் இல்லைன்னு போடுங்க.”

என் வாழ்க்கையிலேயே கஷ்டமான மொழிபெயர்ப்பு அதுதான். ‘நீண்ட நாள் கனவு’ என்று இரண்டு சொல் சேர்க்கக் கை துறுதுறுத்தது. ‘பணிவோடு’ என்றாவது ஒன்று. சேர்க்கவில்லை. ‘அவர் கெட்டவர் இல்லை’ என்ற இடம் வந்தபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் புத்தகங்களுக்கு வந்த எந்த மதிப்புரையிலும் எனக்கு இப்படி அழுகை வந்ததில்லை.

முதலாளி படித்துவிட்டுக் கேட்டார், “உங்க மாமியார் உங்களைக் காப்பாத்தியிருக்காங்களா, கவுத்திருக்காங்களா?” கேட்டுவிட்டு அதை அப்படியே அனுப்பினார். அன்றிலிருந்து கடிதம் எழுதும் மேசை எனக்கு இல்லை. போட்டோப் பிரிவில் உட்கார்ந்து, காது தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

9

முடிவுகள்.

அ. விசா கிடைக்கிறது. அவர் ஏரியின் நடுவில் நிற்கிறார். காலுக்குக் கீழே பனிக்கட்டி மெல்ல—

மெல்ல என்ன செய்யும்? நான் உறைந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. தெரியாததை எழுதி ஒருமுறை மாட்டியது போதும்.

ஆ. மறுக்கிறார்கள். பத்து வருடம். அவர் அந்தக் காலண்டர் படத்தைக் கேட்டு வாங்கி வந்து, சமையலறைச் சுவரில் ஒட்டுகிறார். தினமும் அதைப் பார்த்தபடி பாத்திரம் கழுவுகிறார்.

எனக்குப் பிடித்த முடிவு. மாமியாரிடம் காட்டினேன்.

“நான் ஏன் படத்தை ஒட்டணும்? எனக்குக் கோபம்தான் வரும். உங்க மேல.”

10

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. போன் செய்தேன், வந்தார். உறையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பிரித்தார். உள்ளே ஒரு பக்கத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“என்ன அத்தை?”

சொன்னார். சொன்ன கையோடு, “ஆனா இது உங்க கதையில வரக் கூடாது” என்றார்.

“முடிவு இல்லாம எப்படி அத்தை—”

“ஆளே இல்லாத இடத்துல ஒரு தடவை ஆள் வெச்சீங்க. இந்தத் தடவை அந்த இடத்தைக் காலியா விடுங்க.”

கதையில் வராது என்று எழுதித் தரவும் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

ஆகவே கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. விண்ணப்பதாரர் பெண், வயது அறுபத்தொன்று. ஆவணங்கள் முழுமை. மருமகன் செய்த தவறு ஒன்று உண்டு, அதை விண்ணப்பதாரரே எழுதி ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த நாட்டில் அவருக்கு யாரையும் தெரியாது. குளிர்காலம் முடிய இன்னும் ஐந்து வாரம், அதற்குப் பிறகு ஏரியில் படகுதான் ஓடும்.

இவ்வளவு படித்த பிறகும், அவர் எதற்குப் போகிறார் என்பதற்கு இன்னும் ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்குப் புரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். எதற்கு வருகிறீர்கள் என்று மட்டும் இன்னொரு முறை கேட்காமல், உங்களால் அவரை உள்ளே விட முடியுமா?