எங்கள் வீட்டுச் சராசரி

பிரெஞ்சுக்காரனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷத்துக்குத் தலைக்கு இரண்டு மூன்று தடவை தியேட்டருக்குப் போகிறான். நம் நாட்டில் அந்தச் சராசரி ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அவன் பார்ப்பதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் படம். நாமோ பெரும்பாலும் நம் படத்தைத்தான் பார்க்கிறோம். பெருங்குடி ஆபீசில் இப்படி இரண்டு நாடுகளை ஒப்பிட்டுப் பேசித்தான் எனக்குச் சம்பளம்.

தி.நகரில் தியேட்டர் முதலாளிகள் முன்னால் பேச அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாறு வீட்டுக் கூடத்தில் என் மனைவி புஷ்ராவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். பாவம், பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

“தியேட்டர் பக்கமே வராத இந்த மக்கள் யார்?” என்று சுவரைப் பார்த்து முழங்கினேன்.

“நீங்கதான்,” என்றாள்.

வாஸ்தவம். அவள் எந்தப் படத்தைச் சொன்னாலும், “நாலு வாரத்துல ஓடிடில வந்துடும், அப்ப பாத்துக்கலாம்” என்பேன். வந்ததும் பத்தே நிமிஷத்தில் சோபாவில் குறட்டை விடுவேன்.

“சரி விடு, நம்ம வீட்டு சராசரி பூஜ்யம்,” என்று சிரித்து மழுப்பினேன்.

“பூஜ்யமா? அந்த மிளகா டப்பாவ எடுத்துப் பாருங்க.”

சமையலறை அலமாரியில் மிளகாய், புளி, துணி கிளிப் எல்லாம் போட்டு வைத்திருந்த டப்பாக்கள் அத்தனையும் தியேட்டர் பாப்கார்ன் டப்பாக்கள். தினமும் அவற்றைத் தொடுகிற நான் அன்றைக்குத்தான் மேலே இருந்த தியேட்டர் பெயரைப் படித்தேன். இந்தக் கண்ணை நம்பித்தான் ஆபீசில் புள்ளிவிவரம் கேட்கிறார்கள்.

“நீங்க லேப்டாப்ல தலைய விட்டுக்கினு இருக்கும்போது நானும் சாய்மாவும் போய்ட்டு வந்துடுவோம்,” என்றாள். சாய்மா அவள் தங்கை.

டப்பாக்களைப் பார்த்து மனக்கணக்குப் போட்டேன். என் பூஜ்யத்தையும் சேர்த்து வகுத்தாலும் எங்கள் வீடு பிரான்சைத் தாண்டிவிட்டது! பெருமைப்படப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கணக்கில் என் பங்கு ஒன்றுமே இல்லை; அவள் பக்கத்து இருக்கையில் நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவள் எந்தக் காட்சிக்குச் சிரித்தாள், எதற்கு அழுதாள், எதுவும் எனக்குத் தெரியாது.

லேப்டாப்பை மூடினேன். “புஷ்ரா, இன்னிக்கு எதுனா படத்துக்குப் போலாமா?”

அவள் கையைக் கழுவிவிட்டுப் பர்தா மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே சாய்மாவின் ஸ்கூட்டி ஹாரன் அடித்தது.

“ரெண்டு டிக்கெட்தாங்க போட்டிருக்கோம்,” என்றாள் செருப்பைத் தேடிக்கொண்டே. “உங்களுக்கு என்ன, நாலு வாரத்துல ஓடிடில வந்துடும். அப்ப பாத்துக்கங்க.”