தலைவரின் கதிரை இறங்குகிறது

1.

இந்தக் கதை ஒரு பழுதான கதிரையிலிருந்து வந்தது. சென்ட் லோரன்டில், ஒரு பண்டகசாலையின் மேல்மாடியில், மொன்றியல் தமிழர் கரம் கட்டுப்பாட்டுச் சபையின் அலுவலகம் (கரம் என்றால் காய் சுண்டுகிற கரம் போர்ட்; இப்படி ஒரு சபை இல்லை, இருந்தால் இதற்குள் இரண்டாகப் பிரிந்திருக்கும்). பிரிண்டர் திருத்தப் போயிருந்தேன். தலைவர் ஞானேந்திரன் ஏதோ தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய சுழல்கதிரை 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் இறங்கியது. காற்றுப் போயிருக்கும். ஆனால் அநியாயத் தீர்ப்புச் சொன்னால் இறங்கும் கதிரை என்று வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே முடிவுகட்டிவிட்டேன்.

2.

முதல் வரைவு: பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்... (வேண்டாம். இந்த ஊரில் எல்லாக் கதையிலும் கொட்டுகிறது.)

இரண்டாம் வரைவு: கஜந்தினி வென்றாள்.

பிரச்சினையே அதுதான். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கான இறுதி ஆட்டம். அவளுக்கு இதுதான் கடைசி வருடம். எதிரே தலைவரின் மகன் பிருந்தன். மங்கள விளக்கேற்ற வேண்டிய பிரதம விருந்தினர் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். காத்திருந்து அலுத்த இருவரும் ஆடத் தொடங்கினார்கள். ஆடியும் முடித்தார்கள். பிறகுதான் விருந்தினர் வந்து ஏற்றினார். (மண்டபத்தில் நெருப்புக்குத் தடை. பற்றரி விளக்கு. சுவிச்சை அழுத்தினார்.)

"விளக்கேத்த முதல் நடந்தது ஆட்டமே இல்லை," என்றார் தலைவர்.

"அப்பா, நான் தோத்தனான்."

"நீ தோக்கேல்லை. நீ இன்னும் விளையாடவே இல்லை."

கதிரை இறங்கியது.

3.

மறு ஆட்டத்துக்கு, விருந்தினருக்கு வசதியான நாளைக் குறித்தார்கள். அதற்குள் கஜந்தினிக்கு வயது கடந்துவிடும். கதிரை மறுபடி இறங்கி, தலைவரின் நாடி மேசையில் முட்டியது. சபை அவசரமாகக் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: மேசையின் கால்களை அறுப்பது.

4.

கஜந்தினியைச் சரியாக எழுதவில்லையோ என்ற சந்தேகத்தில் வரைவை அவளிடமே கொடுத்தேன். லாசாலில், டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் நின்று வாசித்தாள்.

"கதிரையை நல்லா எழுதியிருக்கிறாய்."

"மெர்சி."

"நான் எங்கை?"

"ரெண்டாம் பகுதியிலை. வெல்லுறாய்."

"ரெண்டு சொல்லிலை வெல்லுறன். கடைசியிலை அந்தச் சிவப்புக் காயை எப்பிடிப் போட்டனான் எண்டு சபையும் கேக்கேல்லை, நீயும் கேக்கேல்லை."

"சரி, எப்பிடி?"

"பேந்து சொல்லுறன். போர்டையும் மாமாவின்ரை கராஜிலை போட்டிட்டன்."

பஸ் வந்தது. போய்விட்டாள்.

5.

முடிவு அ: கதிரை தரையைத் தொடுகிறது. தலைவர் எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். (அடித்துவிட்டேன். அவர் படம் எடுக்க மட்டுமே எழுவார்.)

முடிவு ஆ: கஜந்தினி கதிரையில் இருக்கிறாள், அது கூரைவரை உயர்கிறது. (நீங்கள் கைதட்டுவீர்கள். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.)

முடிவு இ: கஜந்தினி ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். சிவப்பு ஒரு காய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. அவள் விரலை

(தெரியாது. விரலை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.)

கதிரைக்கு நியாயம் தெரியும்படி எழுதினேன். இறங்குவதைத் தவிர வேறொன்றும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய ஆட்டத்துக்கு வைத்திருக்க வேண்டிய இடத்தில் மேசைக்கால் அறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, வாசகரே, இதோ கதிரை. ஏறி இருந்துகொண்டு சொல்லுங்கள்: அன்று நடந்தது ஆட்டமா, இல்லையா?

என்னைக் கேட்காதீர்கள். நான் இவ்வளவையும் நின்றுகொண்டேதான் எழுதினேன்.